ராஜாவை எழுப்பாத மூலிகை

"என் பையில பதினெட்டு உயிர்மூலிகை இருக்கு. நாலாவது அத்தியாயத்துல ராஜா என் கண்ணு முன்னாடியே விழுந்து சாவுறாரு. ஊரே அழுவுது. ஒண்ணே ஒண்ண எடுத்து அவர் வாயில வைக்க விட மாட்டேங்குறீங்களே, நீங்கல்லாம் மனுசங்களா?"

எங்கள் கம்பெனியின் கேமை விளையாடும் யாரோ ஒருவர் எழுதிய கடிதம் இது. இதை எனக்கு அனுப்பி, "அக்கா, இதே மாதிரி நெறைய வருது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு காரணம் எழுதிக் குடுங்க" என்று கீழே சேர்த்திருந்தார் டீம் லீடர். அவர் சென்னையில் இருப்பவர், என்னைவிட எட்டு வயது இளையவர். எதைக் கேட்டாலும் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்பார். செத்த ராஜா ஏன் செத்தே கிடக்க வேண்டும் என்பதற்குக் காரணம் வெள்ளிக்கிழமைக்குள் எங்கிருந்து வரும்?

கீழ்வேளூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். அங்கே வீட்டின் முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செத்தவர்கள் எப்படி எழ வேண்டும் என்று சட்டம் எழுதுவதுதான் அப்போது என் வேலை. மயிலாடுதுறையில் தமிழ் எம்.ஏ. படித்தவளுக்கு இது என்ன பிழைப்பு என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்கள் யாரும் வேறு வேலை வாங்கித் தந்ததில்லை.

கேமைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம்முடைய வீரன் சண்டையில் செத்தால், பத்து எண்ணுவதற்குள் பக்கத்திலிருக்கும் நடுகல்லின் அடியில் எழுந்துவிடுவான். உடம்பில் ஒரு கீறல் இருக்காது. கூட்டாளி செத்தால் அவன் வாயில் மூலிகை வைக்க வேண்டும், அதற்கும் பத்து எண்ணிக்கைதான் கெடு. இது நல்லவர்களின் வழி. இன்னொரு கூட்டம் இருக்கிறது, நெக்ரோமான்சர் என்பார்கள். நான் பிணமெழுப்பி என்று பேர் வைத்தேன். அவன் செத்த எதிரியை எழுப்பி வேலை வாங்குவான். எழுந்தவன் பேசமாட்டான், தன் பேரைச் சொல்லமாட்டான், தான் செத்துப்போனதே அவனுக்குத் தெரியாது. எழுப்பியவன் செத்தால் இவனும் மண்ணாகச் சரிந்துவிடுவான். முதல் வழியில் உயிர் திரும்பி வருகிறது, இரண்டாவதில் உடம்பு மட்டும் நடக்கிறது. இதுவரை எனக்கும் தெளிவாகத்தான் இருந்தது. ராஜாவிடம் வந்ததும் எல்லாம் கலங்கிவிட்டது.

நம் வீரன் உண்மையில் சாவதில்லை, மயங்கித்தான் விழுகிறான் என்று முதலில் எழுதிப் பார்த்தேன். "அப்புறம் எதுக்குக்கா நடுகல்லு?" என்றார் லீடர். ராஜா குடித்தது உயிரையே அரிக்கும் விஷம் என்று மாற்றினேன். இரண்டாவது அத்தியாயத்தில் அதே விஷத்தை வீரனும் குடித்து எழுந்திருக்கிறான் என்று ஞாபகப்படுத்தினார். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அந்த இரண்டாவது அத்தியாயத்தையும் எழுதியது நான்தான்.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு வைத்துக்கொண்டே என் போன் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். காவிரித் தண்ணீர் இன்னும் வந்திருக்கவில்லை. வேலை இல்லாத நாளில் அவருக்கு என் வேலையில்தான் கண்.

"செத்தவன எழுப்புறானே, அந்த ஆளு. எழுப்புனவனுக்கு என்ன நட்டம்?" என்று கேட்டார்.

"மந்திர சக்தி கொறையும்ப்பா."

"மறுநாள் ஏறிடுமா?"

"கொஞ்ச நேரத்துலயே ஏறிடும்."

"அப்ப நட்டமே இல்லியே. நட்டம் இல்லாத வேலைன்னா ஊர்ல எல்லாரும் செய்வான்ல? ஏன் செய்ய மாட்டேங்குறான்?"

அவர் விடவில்லை. "சரி, எழுந்தவனுக்குப் பசிக்குமா? சோறு யாரு போடுவா? வரியான்னு அவனக் கேட்டீங்களா மொதல்ல?"

அம்மா உள்ளேயிருந்து, "எழுந்து வரதுக்குள்ள அவன் எடத்துல வேற ஆளு உக்காந்திருந்தா என்ன பண்ணுவான், அதக் கேளு" என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஓட்டுவது அந்த வீட்டில் அன்றாடம் நடப்பது. நான் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு டீ போடப் போய்விட்டேன்.

அப்பா, அம்மா என்று சொல்கிறேனே, அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். என்னைப் பெற்றவர்கள் இவர்கள் இல்லை. பெற்ற அம்மா என்னைப் பெற்ற ஆறாம் நாள் செத்துப்போனாள். பெற்ற அப்பா, எனக்கு இரண்டு வயதாகும்போது, நடவு வயலுக்குத் தண்ணீர் வைக்கப் போன இடத்தில் மடையோரம் பாம்பு கடித்து, ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதற்குள் செத்துப்போனார். அவருடைய தம்பியும் தம்பி மனைவியும் என்னை எடுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து எனக்கு இவர்தான் அப்பா. இன்னொருவர் போட்டோவாகக்கூட இல்லை.

போட்டோ இல்லையே தவிர, கோயில் ஆபீசின் குத்தகைப் பதிவேட்டில் அவர் நன்றாக உயிரோடு இருந்தார். எங்கள் தாத்தா பண்ணையாளாகவே இருந்து செத்தவர். பெற்ற அப்பாதான் விவசாயச் சங்கத்தோடு நின்று, வரப்பில் மறியல் செய்து, போலீசில் அடிவாங்கி, கோயில் நிலம் நாலு மாவை, அதாவது ஒன்றேகால் ஏக்கர் சொச்சத்தை, முறையாகத் தன் பேரில் குத்தகையாகப் பதிவு செய்தவர். அதற்கு நாலு வருஷம் ஆனதாம். எங்கள் வம்சத்தில் சர்க்கார் காகிதத்தில் ஏறிய முதல் பேர் அது. அந்தப் பேர் ஏறிய மறுவருஷம் அவர் செத்துப்போனார்.

செத்த மூன்றாம் நாள் தெருவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள், குத்தகைக்காரன் செத்துட்டான்னு தெரிஞ்சா நெலத்தப் புடுங்கி வேற ஆளுக்கு வுட்ருவான் என்று. அப்பா பயந்துவிட்டார். சாவை எங்கும் எழுதவில்லை. அந்த வருஷம் அறுவடை முடிந்து கோயிலுக்குச் சேர வேண்டிய நெல்லை அளந்துவிட்டு, ரசீதில் அண்ணன் கையெழுத்தைப் போட்டார். பழைய ரசீதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் எழுதிப் பழகினாராம். அதிலிருந்து வருஷா வருஷம் கோயில் ஆபீசில் அவர்தான் அண்ணன். ஆட்சி மாறும், வாசல் போர்டில் அமைச்சர் பேர் மாறும், உள்ளே உட்காரும் ஆளும் மாறுவார். பெற்ற அப்பா மட்டும் அப்படியே இருந்தார். ஊருக்கே விஷயம் தெரியும். ஊரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின திங்கட்கிழமைதான் கோயில் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள், குத்தகைதாரர் ஆதார் அட்டையோடு நேரில் வர வேண்டும், மாதக் கடைசிக்குள் வராதவர் நிலம் காலி நிலமாகக் கருதப்படும். நான்தான் படித்துச் சொன்னேன். அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அம்மா சொன்னாள்: "கையெழுத்துன்னா போட்ருவ. கண்ணக் காட்டு, ரேகைய வையின்னா என்ன பண்ணுவ?"

வி.ஏ.ஓ.வைப் போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்கா இம்புட்டு வருசம் பயந்தீங்க? குத்தகைக்காரர் செத்தா வாரிசு பேருக்கு மாத்திக் குடுக்கணும். சட்டம் அப்பலேந்து அதான். அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா பொண்ணு பேருக்கு எழுதி, ஒங்களக் கார்டியனாப் போட்டு முடிச்சிருப்பாங்க" என்றார்.

அப்பா தலையைத் தடவிக்கொண்டார். "அப்ப யாரும் சொல்லலிங்களே" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஒரு மனுஷன் தன் பேரை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, செத்த அண்ணனின் பேரைப் போட்டுக்கொண்டு வருஷா வருஷம் ஆபீசுக்குப் போய் வந்திருக்கிறார். அத்தனைக்கும் ஒரு மனு போதுமாக இருந்திருக்கிறது.

வி.ஏ.ஓ. என் காகிதங்களைப் புரட்டினார். பள்ளிக்கூடச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார், கல்லூரிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் என்னை வளர்த்த இவர் பேர்தான் இருந்தது. "இதாங்க சிக்கல்" என்றார். "பேப்பர்படி செத்தவருக்கு வாரிசே இல்ல. தம்பி பேருக்கு மாத்த வழியில்ல. இந்தப் பொண்ணு ஒங்க பொண்ணு. இது ஒங்க பொண்ணு இல்ல, ஒங்க அண்ணன் பொண்ணுன்னு நீங்களே தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும். குடுத்தா நெலம் நிக்கும்."

வீட்டுக்கு வந்ததும் அப்பா மண்வெட்டியை எடுத்து மூலையில் சாத்தினார். "வேணாம். நெலம் போனா போவட்டும்" என்றார்.

"நாலு மாவ வுட்டுட்டு என்ன பண்ணப்போற? டிவி பாக்கப்போறியா?" என்றாள் அம்மா.

"கூலிக்குப் போறேன்."

"இந்த வயசுல ஒன்ன எவன் கூப்புடுவான்?"

நான் நடுவில் புகுந்தேன். "பள்ளிக்கூடத்துல சேக்கும்போது ஏம்ப்பா ஒன் பேரச் சொன்ன? அன்னிக்கு அவரு பேரச் சொல்லியிருந்தா இன்னிக்கு இந்தப் பாடே இல்லியே" என்று கேட்டேன். கேட்டது கோபத்தில்தான். அதில் குற்றம் சாட்டுவதும் இருந்தது, மறைக்கவில்லை.

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "டீச்சர் கேட்டாங்க, அப்பா பேரு என்னன்னு. நீ என் விரலப் புடிச்சுகிட்டு நின்ன. அண்ணாந்து என்னையே பாக்குற. செத்துப்போன ஆளு பேர நான் எப்புடிச் சொல்றது?"

அம்மா உலை வைக்கப் போனாள்.

அன்றைக்கு மறுபடி லேப்டாப்பைத் திறந்தபோது எனக்கு என் கேமே புரியவில்லை. வயலில் தன் அண்ணனை உயிரோடு வைத்திருந்தவர், என் பள்ளிக்கூடத்தில் அதே அண்ணனை இல்லாமல் ஆக்கிவிட்டார். இதில் பிணமெழுப்பி யார்? அப்பா அண்ணனை எழுப்பி வேலை வாங்கினாரா, செத்த அண்ணன் தம்பியின் உடம்பில் ஏறி நாலு மாவையும் உழுதுகொண்டாரா? எழுந்தவன் தன் பேரைச் சொல்லமாட்டான் என்று எழுதியிருந்தேன். இங்கே தன் பேரைச் சொல்லாதவர் எழுப்பியவர் அல்லவா? எழுதிய விதி ஒன்றுகூட இவருக்குப் பொருந்தவில்லை. இவர் எந்த வகை என்று கேட்டால் என்னால் ஒரு பெட்டியில்கூட டிக் அடிக்க முடியாது. மண்டை வலித்தது.

மூன்று நாள் வீட்டில் இழுபறி. நான் கெஞ்சினேன், கத்தினேன். ஒரு வேளை சாப்பிடாமல்கூடப் படுத்தேன், அதற்கு அம்மா, "பட்டினி கெடந்தா நெலம் வருமா" என்று சோற்றை நாய்க்கு வைத்துவிட்டாள். எனக்கு அந்த நிலம் வேண்டும் என்பதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. நாற்றங்காலில் இறங்கினால் கால் அரிக்கும் எனக்கு. ஆனால் அந்த நாலு மா போய்விட்டால் அப்பா காலையில் எழுந்து எங்கே போவார் என்று நினைத்துப் பார்த்தேன், எங்கும் போக இடமில்லை. ஒரு பேருக்காக அவரை உட்கார வைத்துப் பார்க்க எனக்கு மனசில்லை. அதைத்தான் கடைசியில் சொன்னேன்.

"பேப்பர்ல எழுதுனா எழுதிட்டுப் போறாங்கப்பா. நான் ஒன்ன வேற என்னன்னு கூப்புடப்போறேன்?"

"கூப்புடமாட்ட. தெரியும்" என்றார். வெள்ளை வேட்டியைத் துவைத்துப் போடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, "அவன் எடத்துல வேற ஆளு உக்காந்திருந்தா" என்று முன்பு அம்மா சொன்ன பேச்சைத்தான் பிடித்து விதியாக எழுதினேன். செத்தவனுடைய இடம் காலியாக இருக்கும்வரைதான் மூலிகை வேலை செய்யும். வீரன் விழுந்த பத்து எண்ணிக்கைக்குள் யாரும் அவன் இடத்தில் வந்து நிற்பதில்லை, ஆகையால் அவன் திரும்பிவிடுகிறான். ராஜா விழுந்த அந்த நொடியே, நாடு சிதறிவிடக் கூடாதே என்று அவர் தம்பி சிம்மாசனத்தில் உட்கார்ந்து, ராஜாவின் முத்திரையைக் கையில் எடுத்துவிட்டான். இடம் நிரம்பிவிட்டது. இனி ராஜா திரும்ப வேண்டுமானால் தம்பி எழுந்து விலக வேண்டும்.

லீடர் உடனே போன் செய்தார். "சூப்பர்க்கா. செம. இதையே வச்சுக்கலாம்" என்றார். வைக்கப்போனவர் மறுபடி, "ஒரு டவுட்டு. தம்பி எழுந்திரிச்சா எங்க போவான்? திரும்ப இளவரசனா? அந்த ஸ்க்ரீன்ல அவன எங்க நிக்க வைக்கிறது?" என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். தாலுகா ஆபீசுக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

துணை தாசில்தார் ஒரு அம்மா. மேஜையில் கோப்புகள் கழுத்து உயரம் இருந்தன. தெருவிலிருந்து சாட்சிக்கு வந்த இரண்டு பேரும், ஆமாம், பாம்பு கடித்துத்தான் செத்தார், நாங்கள்தான் தூக்கினோம் என்று முதலில் சொல்லி முடித்தார்கள். யார் கோயிலில் இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டது என்பதை அந்த அம்மா கேட்கவில்லை. கேட்காமல் விடுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அதற்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

அப்புறம் என்னைப் பார்த்தார். "இறந்தவர் ஒனக்கு என்ன வேணும்மா?"

"அப்பா" என்றேன். அந்த ஆளை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"இவரு?"

எத்தனையோ பேரை எழுப்பியிருக்கிறேன், சாகடித்திருக்கிறேன், அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அப்பாவே கையைக் கட்டிக்கொண்டு, "சித்தப்பாங்கம்மா. நான் அவளுக்குச் சித்தப்பா" என்றார். சந்தையில் மாட்டுக்கு வயசு சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

டைப் செய்த வாக்குமூலத்தை அந்த அம்மா படித்துக் காட்டினார். என் அண்ணன் இத்தனை வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார், இந்தப் பெண் அவருடைய ஒரே மகள், எனக்குப் பிறந்தவள் அல்ல, இவளை நான் வளர்க்க மட்டுமே செய்தேன். வளர்க்க மட்டுமே என்ற இடத்தில் அம்மா, அதாவது என் அம்மா, "மட்டும்னு எதுக்கு?" என்றாள். துணை தாசில்தார் பேனாவை நீட்டினார்.

அப்பா பேனாவை வாங்கினார். கொஞ்சமும் தயங்கவில்லை. மளமளவென்று கையெழுத்தைப் போட்டு நீட்டினார். அந்த அம்மா பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது யாரு பேரு?"

அப்பா எட்டிப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போனது. "அண்ணன் பேருங்கம்மா."

"அவர் எறந்துட்டாருன்னு எழுதுன பேப்பர்ல அவரே கையெழுத்துப் போட்ருக்காரு."

டைப்பிஸ்ட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாட்சிக்கு வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன், சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியவில்லை, கடைசியில் அது என்னவென்றே தெரியாமல் கண்ணில் தண்ணீராக வந்தது. அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா மட்டும் அந்தக் கையெழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வேண்டுமென்று போடவில்லை. சர்க்கார் காகிதத்தைக் கண்டால் அந்தக் கைக்குத் தெரிந்த பேர் அது ஒன்றுதான்.

துணை தாசில்தார் அந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டார். "நான் ஒண்ணும் பாக்கல. வேற எடுத்துக் குடுங்க. பெரியவரே, இந்தத் தடவ ஒங்க பேரப் போடுங்க."

புதுத் தாள் வந்தது. அப்பா பேனாவைப் பிடித்துக்கொண்டே இருந்தார். எழுத்து வரவில்லை. அவருடைய பேரை அவர் எழுதிப் பல வருஷமாகியிருந்தது. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "ஒன்னப் பள்ளிக்கூடத்துல சேத்த பாரத்துல போட்டேனே. அது கொண்டாந்திருக்கியா?"

கொண்டுவந்திருந்தேன். அத்தாட்சிக்கு வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டு வாங்கிய நகல் அது. எடுத்து மேஜையில் வைத்தேன். அதில் பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் அவர் பேர் கோணல்மாணலாக இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, நான் அவர் மகள் இல்லை என்ற தாளில் தன் பேரை எழுதினார். எழுதி முடிக்கும்வரை அறையில் யாரும் சிரிக்கவில்லை.

வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. "ஜன்னலோரமா ஒக்காருங்க" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்ததிலிருந்து நான் அவரை வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். அந்த ஆபீசில் எல்லாருக்கும் போட்ட மரியாதை வாயில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதா, வேறு ஏதாவதா, எனக்கே தெரியவில்லை. "தூங்குப்பா, எறங்குறப்ப எழுப்புறேன்" என்று அவசரமாகச் சொன்னேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்கவில்லை.

அதற்குப் பிறகும் அலைச்சல் இருந்தது, சொன்னால் நீளும். மேட்டூர் அணை திறந்துவிட்டதாகச் செய்தி வந்த வாரம், குத்தகைப் பதிவின் நகல் கைக்கு வந்தது. குத்தகைதாரர் என்ற இடத்தில் என் பேர். தகப்பனார் என்ற இடத்தில் பெற்ற அப்பாவின் பேர். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை வைத்து மேலிருந்து கீழே தேடினாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். "இவரு பேரு எங்க?" என்றாள். எங்கும் இல்லை. அப்பா, "கெடக்கு வுடு" என்று அதை வாங்கி, டிரங்குப் பெட்டியில் பழைய ரசீதுகளின் மேலே வைத்தார்.

லீடருக்கும் ஒருவழியாகப் பதில் அனுப்பினேன். தம்பி எழுந்த பிறகு எங்கே போவான் என்று எனக்குத் தெரியவில்லை, கோட்டைக்குள்ளேயே எங்காவது நிற்கட்டும் என்று எழுதினேன். எழுப்புகிறவனுக்கு என்ன நஷ்டம் என்பதையும் சேர்த்தேன்: மந்திர சக்தி இல்லை, அவனுடைய பேர். லீடர், "அவ்வளவுதானாக்கா? ப்ளேயர்ஸ் இது ரொம்பச் சின்ன வெலன்னு சொல்லப்போறாங்க" என்றார். சொல்லட்டும் என்றேன்.

ஒரு வாரம் கழித்து, காலை பத்து மணி மீட்டிங்கில் இருக்கும்போது அப்பாவின் போன் வந்தது. வயலிலிருந்து பேசினார்.

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு" என்றார். "மடையத் தொறக்கலாமா?"

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "என்னப்பா, என்னப் போயி கேக்குற?"

"ஒன் நெலம்ல. கேக்கணும்ல."

அவர் குரலில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. அது என்னவென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே லீடர், "அக்கா, ம்யூட்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா காத்திருந்தார்.

"தொறப்பா" என்றேன்.

"சரி" என்றார். அதற்கப்புறம்தான் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.